உறைந்து நிற்கும், தானாக அணைந்து எழும் கணினி: தேடலை எங்கே தொடங்குவது?

வன்னியில் ஒரு வீட்டுக் கணினி நின்று நின்று ஓடத் தொடங்கினால், அதன் சொந்தக்காரர் கேட்பது ஒன்றைத்தான்: “தம்பி, விண்டோஸ் அடித்துத் தாருங்கள்.” அப்படி ‘அடித்து’, அதாவது புதிதாகப் பதிந்து கொடுத்தால் சில நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி என்று இந்தப் பக்கத்து மேசைக் கணினிகளையே திரும்பத் திரும்பத் திருத்துகிறவன் நான். என் வரிசை வேறு. முதலில் சுவரில் உள்ள சொக்கெற், அடுத்து மின்சாரம் போனால் பற்றரியால் கணினியைத் தாங்கும் யூ.பி.எஸ்., அதன் பிறகு புழுதியும் வெப்பமும், பின்னர் தற்காலிக நினைவகமான ரேமும் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கும். விண்டோஸ் கடைசி. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு கேட்காத சோதனை முதலில் வரும். காசு கேட்பது பின்னால் வரும்.

## எதையும் தொடுவதற்கு முன்

கணினி ஓடுகிற நேரத்திலேயே முக்கியமானவற்றைப் பென் டிரைவுக்கு எடுத்துவிடுங்கள். பிள்ளையின் பாடக் குறிப்புகள், காணி உறுதியின் ஸ்கான் பிரதி, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பிய கலியாணப் படங்கள் எல்லாம் இதில் அடங்கும். திருத்தும்போது டிஸ்க் உயிரை விட்டால் கணினியை மீட்கலாம், படங்களை மீட்க முடியாது.

பக்கத்தில் ஒரு கொப்பியை வையுங்கள். நின்ற நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் வேறு என்ன போட்டிருந்தது என்று எழுதுங்கள். மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் மட்டும் நிற்கிறது என்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நின்றால் வெப்பம். குறித்த ஒரு கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நின்றால் டிஸ்க். நேரகாலம் இல்லாமல் நின்றால் ரேம் அல்லது பவர் சப்ளை. சில நாள் குறிப்பு கையில் இருந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

அடுத்து, தானாக மீள இயங்குவதை நிறுத்தி வையுங்கள். தேடல் கட்டத்தில் ‘வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடி, ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ என்ற பகுதிக்குள் போய், ‘ஆட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இனி விண்டோஸுக்குள் பழுது வந்தால் அதைச் சொல்லும் நீலத்திரை அப்படியே நிற்கும், வாசிக்கலாம். இதைச் செய்த பிறகும் திரை கறுத்து மீண்டும் எழும்பினால் மின்சாரம் அல்லது வெப்பத்தின் பக்கம் போக வேண்டும். கீழே உள்ள கிளைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பவர் சப்ளை என்ற தகரப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்னேற்றம் தங்கியிருக்கும்.

## அறிகுறி 1: ஒரே நொடியில் கறுக்கிறது, செய்தி எதுவும் இல்லை, தானாக எழும்புகிறது

சொக்கெற்றும் பிளக்கும். இலங்கை 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கைத் தேசிய நியமமாக 2017இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் பழைய வீடுகளில் வட்டத் துளைச் சொக்கெற்தான் இன்னும் இருக்கிறது. அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடப்டர் செருகி, அதன் நுனியில் கணினி தொங்குகிறது. அடப்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கறுத்தோ இருந்தால் அன்றே எறியுங்கள். கணினியின் பின்பக்கம் பவர் சப்ளைக்குள் செருகும் வயரையும் அழுத்திப் பாருங்கள். மேசையைக் கூட்டும்போது தும்புத்தடி பட்டுத் தளர்ந்திருப்பது சாதாரணம்.

யூ.பி.எஸ். பற்றரி. வன்னியில் தானாக எழும்பும் கணினிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் போட, பக்கத்துத் தோட்டத்தில் வாட்டர் பம்ப் ஓட, ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில் உள்ள வீட்டில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ற் வர வேண்டிய இடத்தில் குறைந்து வரும்போது யூ.பி.எஸ். ‘டக், டக்’ என்று மாறி மாறிப் பற்றரிக்குப் போய்வரும். இப்படியே பல மாலை போனால் பற்றரி வற்றிவிடும். பிறகு ஒரு கணம் மின்சாரம் தளர்ந்தாலே கணினி விழும். விளக்கு அணையவில்லையே, கணினி மட்டும் ஏன் அணைந்தது என்று வீட்டார் குழம்புவார்கள்.

சோதனை இலகு. கணினியை பயோஸ் திரையில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அமைப்புத் திரை) நிறுத்துங்கள். அங்கே நின்றால் கோப்பு எதுவும் பழுதாகாது. இப்போது யூ.பி.எஸ்ஸின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். சில நிமிடமாவது தாங்க வேண்டும். உடனே விழுந்தால் பற்றரி முடிந்தது. சாதாரண 650 வி.ஏ. யூ.பி.எஸ்ஸில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரி. இரண்டு மூன்று வருடம் உழைக்கும். தகரக் கூரையின் கீழ் அதைவிடக் குறையும். பற்றரியை மட்டும் மாற்றலாம், முழு யூ.பி.எஸ். வாங்கத் தேவையில்லை.

பற்றரி புதிது, ஆனாலும் மின்சாரம் போகும் கணத்தில் கணினி விழுகிறதா? மலிவான யூ.பி.எஸ். தரும் சதுர வடிவ மின்னலையைச் சில புதிய பவர் சப்ளைகள் ஏற்பதில்லை. தெரிந்தவர் ஒருவரின் வேறு யூ.பி.எஸ்ஸை இரவல் வாங்கிச் சோதித்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

வீட்டு மின்சாரம். மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவரை மாலை நேரத்தில் அழைத்து அளக்கச் சொல்லுங்கள். காலையில் அளந்து பயனில்லை. ஒரு விளக்கு மங்கும்போது இன்னொன்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் அது நியூட்ரல் வயர் தளர்ந்ததன் அடையாளம். அந்த இடத்தில் சோதனையை நிறுத்துங்கள். கணினி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றிவிட்டு, மின்பட்டியலில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். வீட்டுக்குள் உள்ள இணைப்பு என்றால் மின்னியலாளர்தான் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளை. மேலே உள்ளவை எல்லாம் சரியாக இருந்து, பாரமான வேலையின்போது மட்டும் கறுத்தால் இதைச் சந்தேகிக்கலாம். பயோஸில் ‘ஹார்ட்வெயார் மொனிற்றர்’ பக்கம் இருந்தால் 12 வோல்ற் தடத்தைப் பாருங்கள், 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். ஆனால் அங்கே சரியாகக் காட்டினாலும் பாரம் ஏறும்போது இறங்கலாம். உறுதியான சோதனை, நல்லது என்று தெரிந்த வேறொன்றைப் போட்டுப் பார்ப்பதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பக்கம் நிறையப் புழங்குபவை அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்.பி. மேசைக் கணினிகள். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 போன்றவற்றில் மதர்போட் என்ற தாய்ப்பலகைக்குப் போகும் முனை சாதாரண 24 ஊசி முனை அல்ல, 8 ஊசி முனை. கடையில் கிடைக்கும் சாதாரணப் பவர் சப்ளை அதில் நேரே பொருந்தாது. மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். சில பழைய பவர் சப்ளைகளின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும்; அதைப் பிள்ளைகள் தட்டாமல் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். 115இல் வைத்துச் சுவிட்சைப் போட்டால் பவர் சப்ளை வெடிக்கும்.

இடையே ஒரு வார்த்தை: விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான இவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ என்று சிவப்பில் கண்டதும் பவர் சப்ளை வாங்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே பதிவு வரும்.

## அறிகுறி 2: சிறிது நேரம் ஓடி அணைகிறது, உடனே போட்டால் இன்னும் விரைவாக அணைகிறது

இது வெப்பம். ஆறவிட்டால் மறுபடி ஓடும் என்பதே அத்தாட்சி.

முதலில் கணினி நிற்கும் இடம். ஓடும்போதே பூப்போட்ட துணியால் மூடி வைப்பதும், பின்பக்கம் அடைத்த மேசைப் பொந்துக்குள் தள்ளி வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். துணியை எடுங்கள், பெட்டியை வெளியே இழுங்கள், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சீட் கூரைக்குக் கீழே நண்பகலில் கணினியைப் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், பக்கத்து மூடியைக் கழற்றி மேசை மின்விசிறியைப் பிடித்துப் பாருங்கள். அதோடு அணைவது ஓய்ந்தால் நோய் தெரிந்துவிட்டது.

அடுத்து புழுதி. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிரவல் வீதியோர வீட்டுக் கணினியைத் திறந்தால் புரொசசரின் மின்விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் செம்புழுதி கம்பளிபோலப் படிந்திருக்கும். மின்விசிறி சுற்றும், காற்று இறங்காது. மின்விசிறியின் நான்கு திருகாணிகளைக் கழற்றித் தூக்கினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். மேலால் தூரிகை பிடித்தால் படாது. உலர்ந்த பெயின்ற் தூரிகையும் சைக்கிள் பம்பும் போதும். ஊதும்போது மின்விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டயர் கடைக் கொம்பிரசரிடம் கொண்டு போகாதீர்கள்: அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேகத்தில் மின்விசிறியின் அச்சும் கெடும்.

குளிர்விப்பானின் கால்கள். பல இன்டெல் கணினிகளில் குளிர்விப்பான் நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கணினியில் ஒரு கால் எழும்பியிருப்பது அடிக்கடி காண்பது. மெல்ல ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. அசைந்தால் காலின் தலையை அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை நேரே அழுத்துங்கள். எதிரெதிர் மூலைகளாகச் செய்யுங்கள். அம்புக்குறிப் பக்கம் திருப்புவது கழற்றுவதற்கு.

கழற்ற நேர்ந்தால் பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டு, பயறளவு புதுப் பசை வையுங்கள். பயோஸ் திரையில் புரொசசர் வெப்பநிலை 80 பாகை செல்சியஸைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் குளிர்விப்பான் ஒழுங்காக உட்காரவில்லை.

எறும்பும் பல்லியும். மாரி தொடங்கியதும் எறும்பு முட்டையோடு இடம்பெயரும். இளஞ்சூடான பவர் சப்ளை அதற்கு நல்ல வீடு. பின்பக்கத்தில் கழற்றி எறிந்த தகட்டு இடைவெளிகளால் பல்லி நுழையும். மதர்போட்டின் குறுக்கே காய்ந்து கிடக்கும் ஒரு பல்லி போதும், கணினியை நிறுத்த. அந்த இடைவெளிகளைத் தகடு போட்டு மூடுங்கள். பூச்சி மருந்தை உள்ளே விசிற வேண்டாம். அது தீப்பிடிக்கும், பிசினாக ஒட்டிப் புழுதியையும் பிடிக்கும். பவர் சப்ளைக்குள் எறும்பு என்றால் திறக்காமல் கடைக்குக் கொண்டு போங்கள்.

## அறிகுறி 3: படம் உறைந்து நிற்கிறது, அணையவில்லை

பவர் பொத்தானுக்குக் கையைக் கொண்டு போகாதீர்கள். கீபோர்ட்டில் ‘கப்ஸ் லொக்’ விசையைத் தட்டி அதன் விளக்கைப் பாருங்கள்.

### விளக்கு மாறுகிறது

கணினி உயிரோடு இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு ‘பி’ (B) எழுத்தைத் தட்டுங்கள். திரை ஒரு முறை சிமிட்டிச் சரியானால் பழுது கிராபிக்ஸ் டிரைவரில், அதாவது திரைப் படத்தைத் தரும் பகுதியை இயக்கும் மென்பொருளில். தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து புதிதாக இறக்கிப் பதியுங்கள்.

அப்படி இல்லையென்றால் டாஸ்க் மனேஜரைத் திறந்து டிஸ்க் பத்தியையும் மெமரி பத்தியையும் பாருங்கள். மெமரி நிரம்பி நின்றால், 4 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 10ஐயும் உலாவியில் ஒரு வரிசை பக்கங்களையும் சூம் வகுப்பையும் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள். கணினியில் பழுதில்லை, ரேம் போதவில்லை.

டிஸ்க் மணிக்கணக்கில் 100 வீதத்தில் நிற்கிறதா? காதைப் பெட்டியில் வைத்துக் கேளுங்கள். சீரான இடைவெளியில் ‘கடக், கடக்’ என்று கேட்டால் டிஸ்க் போகிற நேரம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீலத்தில் காட்டினால் டிஸ்க் நலம்; மஞ்சள் என்றால் மாற்ற வேண்டும்; சிவப்பு என்றால் இன்றே. இந்த நிலையில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் ‘எரர் செக்கிங்’கை ஓட்ட வேண்டாம். அது நோயுற்ற டிஸ்க்கை மூலைக்கு மூலை வாசிக்க வைக்கும், கோப்பை எடுக்குமுன்பே அது ஓய்ந்துவிடும். முதலில் கோப்பு, அதன்பிறகே மற்றதெல்லாம்.

சத்தம் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் உறைந்தால் டிஸ்க்கை மதர்போட்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றித் திரும்பப் போடுங்கள், அல்லது மாற்றுங்கள். அது மிக மலிவான சாமான். ஆனாலும் அதை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க் வாங்கியவர்கள் உண்டு.

எப்போது நிறுத்துவது: பிரதி எடுக்காத முக்கியமான கோப்பு உள்ளே இருந்து டிஸ்க் கடகடத்தால், உடனே அணைத்துவிடுங்கள். போட்டுப் போட்டுப் பார்ப்பது கேட்டைக் கூட்டும். தரவு மீட்பவரிடம் தீண்டாமல் கொடுக்க வேண்டும், அதற்குச் செலவு கூட.

### விளக்கு மாறவில்லை

மதர்போட் வரை நின்றுவிட்டது. வெப்பத்தை அறிகுறி 2இன்படி பாருங்கள். அடுத்தது ரேம். பிளக்கைக் கழற்றி, ரேம் துண்டை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, துகள் தட்டி, இரண்டு பக்கக் கொளுவியும் பூட்டும்வரை அழுத்துங்கள். உப்புக் காற்றடிக்கும் முல்லைத்தீவுக் கரையோரத்தில் இந்த ஒரு வேலையோடு பல கணினிகள் எழும்பிவிடும்.

பிறகு ‘விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்’ என்று தேடி ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் பிழைதான். இரண்டு துண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். பிழை துண்டோடு போகிறதா, துளையிலேயே நிற்கிறதா என்று தெரியும். துண்டு என்றால் மாற்றலாம். துளை என்றால் மதர்போட்.

## அறிகுறி 4: நீலத்திரை வருகிறது

கீழே உள்ள ஆங்கிலச் சொல்லைக் கைபேசியில் படம் பிடியுங்கள். ‘மெமரி மனேஜ்மென்ட்’ என்றால் ரேமில் தொடங்குங்கள். ‘கேர்னல் டேற்றா இன்பேஜ் எரர்’ என்றால் டிஸ்க்கும் அதன் கேபிளும். ‘வீஆ அன்கரெக்டபிள் எரர்’ என்பது வன்பொருளின் முறைப்பாடு. வெப்பம், பவர் சப்ளை, புரொசசர் என்ற வரிசையில் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல் வந்தால் பெரும்பாலும் ரேம்தான்.

ஒரே சொல், அதோடு ஒரு கோப்பின் பெயரும் சேர்ந்து வந்தால் டிரைவர். அண்மையில் எதைப் பதிந்தீர்களோ அதை நீக்குங்கள். விண்டோஸ் அடிப்பது பற்றி யோசிக்க உரிமையுள்ள இடம் இது ஒன்றுதான், அதுவும் ரேமும் டிஸ்க்கும் தேறிய பிறகு.

## அறிகுறி 5: விண்டோஸ் வரும் முன்பே திரும்பத் திரும்பத் தொடங்குகிறது

பென் டிரைவ், பிரிண்டர், டொங்கிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். போட்ட நான்கு வினாடியில் சரியாக அணைகிறதா? பவர் பொத்தான் உள்ளே ஒட்டிக் கிடக்கிறது. பொத்தானை நான்கு வினாடி பிடித்தால் கணினி அணைவது அதன் இயல்பு. பொத்தானைச் சுற்றிய புழுதியைத் துடையுங்கள்.

திகதி பழைய வருடத்துக்குப் போய்விட்டதா? மதர்போட்டில் உள்ள 2032 நாணயப் பற்றரி தீர்ந்தது. மாற்றுங்கள், ஆனால் உறைவதற்கு அது மருந்து என்று நம்பாதீர்கள்.

விண்டோஸின் சின்னம் வந்து சுழன்று மீண்டும் தொடங்கினால், புதுப்பிப்பு நடுவில் மின்சாரம் போயிருக்கலாம். இரண்டு மூன்று முறை தொடர்ந்து தவறினால் மீட்புத் திரை தானாக வரும். அங்கே கடைசிப் புதுப்பிப்பை நீக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்.

புரொசசரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கொள்ளளவிகளின் (கெப்பாசிற்றர்) தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ பழுப்புக் கசிந்தோ இருந்தால் மதர்போட் திருத்துபவரின் வேலை.

## அறிகுறி 6: இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய உறைவு

ஐப்பசி, கார்த்திகை இடியில் பவர் சப்ளையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ரவுட்டரில் இருந்து வரும் வலையமைப்புக் கேபிளை மறந்துவிடுவார்கள். அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். உறையாவிட்டால் மதர்போட்டில் உள்ள வலையமைப்புச் சில்லு அடிபட்டிருக்கிறது. பயோஸில் அதை நிறுத்தி, வைபை டொங்கிள் ஒன்றைச் செருகினால் கணினி இன்னும் பல காலம் உழைக்கும். யூ.பி.எஸ். இருந்தால் இடி ஒன்றும் செய்யாது என்பது நம்பக் கூடியதல்ல. வானம் இருண்டதும் இரண்டு வயரையும் கழற்றுங்கள்.

## கடைக்குப் போகும்போது

கொப்பியையும் நீலத்திரைப் படத்தையும் கொண்டு போங்கள். பார்மட் பண்ணுமுன் கேட்கச் சொல்லுங்கள், கழற்றிய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

விலை சொன்னதும் ஒன்றை யோசியுங்கள். பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க்கும் ரேமும் போடுவது கொடுத்த காசுக்குத் தகும். கழற்றினாலும் வேறொன்றுக்கு உதவும். மதர்போட் மாற்றுவது தகாது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகள் விண்டோஸ் 11இன் தேவைப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கணினிக்கு மதர்போட் செலவு சொன்னால், டிஸ்க்கை மட்டும் கழற்றித் தரச் சொல்லிவிட்டு வேறு கணினி பாருங்கள்.

பஸ்ஸில் கொண்டு போவதென்றால் நிமிர்த்தி வைக்காமல், மதர்போட் கீழே வரும்படி பக்கவாட்டில் படுக்க வைத்து மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்விப்பானின் பாரம் அந்தப் பிளாஸ்டிக் கால்களில் தொங்காது.